கரைந்தது கொழுப்பா, செயினா?



நான் பாம்பன் தீவில் உள்ள அக்காள்மடத்தைச் சேர்ந்த இல்லத்தரசி. என் தங்கையைக் கட்டிக் கொடுத்திருப்பது பக்கத்து ஊரான தங்கச்சிமடத்தில். "அக்கா அக்காள்மடம், தங்கச்சி தங்கச்சிமடமா?" என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் கிடையாது. இப்போது எழுதப் போவது அவள் கதையைத்தான். அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுக்கா, பேரை மட்டும் போட்றாதே" என்றாள்.

அவள் வீட்டுக்காரர் விசைப்படகுக்குப் போகிறவர். இவள் மல்லிகை நாற்றுத் தோட்டத்தில் பதியம் போடும் வேலைக்குப் போவாள். இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சிசேரியன். அதற்குப் பிறகு வயிறு சரிந்தது சரிந்ததுதான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை... ஒரு சடங்கு வீட்டில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா, "மூணாவதா? எத்தனை மாசம்?" என்று கேட்கும் வரை. சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டாள். கேட்டது ஆம்பிளை இல்லை சகோதரிகளே, நம்மைப் போல ஒருத்திதான்!

அன்று ராத்திரியே செல்போனில் தேடியிருக்கிறாள். ஒரு முறை தேடினால் போதாதா, மறுநாளிலிருந்து அதே விளம்பரம்தான். ஆபரேஷன் இல்லை, கத்தி இல்லை, ஒரு மணி நேரத்தில் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்று. எனக்குத் தெரிந்தபோது அவள் அம்மா போட்ட 3 பவுன் செயினை அடகு வைத்து, மதுரையில் ஓர் இடத்தில் முன்பணமும் கட்டிவிட்டாள். "துணைக்கு வாக்கா" என்றாள். போனேன்.

அங்கே போன பிறகுதான் விலை என்றால் என்னவென்று புரிந்தது. விளம்பரத்தில் இருந்த தொகை வயிறு முழுவதற்கும் என்று நாம் நினைப்போம். இல்லையாம். அந்த மெஷினின் வாய் ஒரு தடவை கவ்வுகிற இடத்துக்கு மட்டும்தான் அந்த விலை. மேல் வயிறு ஒன்று, அடி வயிறு ஒன்று, இடுப்பு இரண்டு பக்கமும் இரண்டு. அதையே இரண்டு சுற்று. ஆக எட்டு! எல்லாம் சேர்த்து 'பேக்கேஜ்' 72,000 ரூபாய். நான் சும்மா இருக்க முடியாமல் வேறு இடங்களுக்கும் போன் போட்டுக் கேட்டேன். ராமநாதபுரத்தில் ஒரு பியூட்டி பார்லரில் ஒரு தடவைக்கு 2,500 என்றார்கள். ஆனால் அது வேறு மெஷினாம். சென்னையில் ஒரு கிளினிக்கில் ஒரு இடத்துக்கே 30,000 என்றார்கள். எது எதற்கு, யார் செய்வார்கள், டாக்டர் இருப்பாரா என்று கேட்டால், "நேர்ல வாங்க மேடம்" என்பதுதான் எல்லாரும் சொல்கிற பதில். கத்திரிக்காய் வாங்கினால் கூட கிலோ விலை கேட்டு வாங்குகிற நாம், இதில் எதற்கு எவ்வளவு என்றே தெரியாமல் கையெழுத்துப் போடுகிறோம்.

72,000-த்தில் 24,000 முன்பணம். மீதி 48,000-ஐ மாதம் 4,000 வீதம் 12 மாதம் கட்டலாம், "வட்டியே இல்லை" என்றார்கள். அதே மூச்சில், "மொத்தமா ரொக்கமாக் கட்டினா 66,000" என்றும் சொன்னார்கள். அப்படியானால் அந்த 6,000 என்னவாம்? வட்டிக்கு வேறு பெயர் வைத்தால் வட்டி இல்லாமல் போய்விடுமா? வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

நான் வீட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கைக் கேளுங்கள். பேக்கேஜ் 72,000. கடன் கொடுத்த கம்பெனி 'பிராசசிங்' என்று பிடித்தது, வரியோடு 1,769. செயினை வைத்தது நூற்றுக்கு மாதம் 2 வட்டியில். 24,000-த்துக்கு மாதம் 480, வருஷத்துக்கு 5,760. இங்கிருந்து மதுரைக்கு இரண்டு பேர் போய்வர பஸ், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் 1,200. நாலு தடவை போனால் 4,800. கூட்டிப் பாருங்கள், 84,329 ரூபாய். அவள் நாற்று வேலைக்குப் போகாத நாட்களின் கூலியை நான் சேர்க்கவே இல்லை. மதுரைக்காரிக்கும் எங்களுக்கும் விலைப் பட்டியல் ஒன்றுதான். செலவு ஒன்றல்ல.

சரி, பலனாவது உண்டா? இந்தச் சிகிச்சையே பொய் என்று நான் சொல்ல மாட்டேன். தோலை விடக் கொழுப்பு குளிருக்குச் சீக்கிரம் பாதிக்கப்படும். அந்த இடத்தை உறையும் அளவுக்குக் குளிர வைத்தால் அங்குள்ள கொழுப்புச் செல்கள் செத்து, இரண்டு மூன்று மாதத்தில் உடம்பே அவற்றை வெளியேற்றும். ஐஸ் குச்சி சப்பிய குழந்தைகளின் கன்னத்தில் குழி விழுந்ததைப் பார்த்துத்தான் அமெரிக்க டாக்டர்களுக்கு இந்த யோசனை வந்ததாம். 2010-ல் அந்த நாட்டு உணவு மருந்து நிர்வாகம் முதலில் இடுப்புப் பக்கத்துச் சதைக்கு இதை அனுமதித்தது. நன்றாகப் பலித்தாலும் செய்த இடத்தில் கொழுப்பு நாலில் ஒரு பங்கு அல்லது ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். எடை குறையாது. கையால் கிள்ளிப் பிடிக்க வருகிற கொழுப்புக்குத்தான் இது. குடலைச் சுற்றி உள்ளே இருக்கிற கொழுப்பை இது தொடாது. அபூர்வமாகச் சிலருக்குக் குறைவதற்குப் பதில் அந்த இடம் கட்டியாகப் பெருத்துவிடுவதும் உண்டு. லிண்டா இவாஞ்சலிஸ்டா என்ற பிரபல மாடல் அழகி தனக்கு அப்படி ஆனதை 2021-ல் வெளியே சொன்னார்.

இதெல்லாம் பணம் கட்டிய பிறகு நான் தெரிந்துகொண்டது. அதை விட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. தங்கையை அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் காட்டினேன். படுக்க வைத்துத் தலையைத் தூக்கச் சொல்லி, வயிற்றில் விரலை வைத்துப் பார்த்தார். "இதுல பாதி கொழுப்பே இல்லம்மா. பிரசவத்துல வயித்துத் தசை ரெண்டா விலகியிருக்கு. அதான் தள்ளிக்கிட்டுத் தெரியுது" என்றார். அதற்கு உடற்பயிற்சி இருக்கிறதாம், சொல்லியும் கொடுத்தார். செலவு, 5 ரூபாய் ஷேர் ஆட்டோ என்று எழுத ஆசைதான், ஆனால் இப்போது ஷேர் ஆட்டோவும் அந்த விலைக்கு வருவதில்லை! மதுரையில் அந்த இரண்டு விரல் சோதனையை யாரும் செய்யவில்லை. டேப்பை வைத்து அளந்தார்கள், அவ்வளவுதான். ஹெர்னியா இருந்தால் இதைச் செய்யவே கூடாதாம். அதையும் கேட்கவில்லை.

நம்மில் எத்தனை பேருக்கு இந்தக் கவலை என்று பாருங்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு உடல் எடை அதிகம் என்று வந்திருக்கிறது. விளம்பரக்காரர்களுக்கு இது தெரியாதா? 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வி.எல்.சி.சி., காயா என்ற இரண்டு பெரிய நிறுவனங்களுக்கு இதே குளிர்முறைச் சிகிச்சையின் விளம்பரத்துக்காக ஆளுக்கு 3 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. (என் தங்கை போனது இவர்களிடம் இல்லை.) ஒரே தடவையில் 600 கிராமும் 7 சென்டிமீட்டரும் குறையும் என்கிற மாதிரி முதல் நிறுவனம் விளம்பரம் செய்திருந்தது. இது எடை குறைப்புச் சிகிச்சையே அல்ல, உயரத்துக்கு எடை பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கு 30-க்குள் இருப்பவர்களுக்குத்தான் பொருந்தும் என்று ஆணையம் எடுத்துச் சொன்னது. அந்த மெஷினுக்கு ஆதாரமாகக் காட்டிய சோதனை வெறும் 57 பேரிடம் நடந்தது. அதில் நம் நாட்டவர் ஒருவர் கூட இல்லையாம்!

காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று யாரும் நம்பிப் போக வேண்டாம். அழகுச் சிகிச்சை பொதுவாக எந்த மருத்துவக் காப்பீட்டிலும் வராது. பி.எம்.ஐ. 40-க்கு மேல், அல்லது 35-க்கு மேல் இருந்து கூடவே கடுமையான வியாதியும் உள்ளவர்களுக்கு, டாக்டர் சொல்லிச் செய்யும் ஆபரேஷன் வேறு கதை.

என்னுடைய கருத்து இதுதான். தங்கை செய்தது தப்பு என்று வீட்டில் ஆளாளுக்குத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. அவள் உடம்பு, அவள் செயின். ஆனால் கையெழுத்து வாங்குவதற்கு முன் எத்தனை இடம், எத்தனை தடவை, மொத்தம் எவ்வளவு, எவ்வளவு குறையும், குறையாவிட்டால் என்ன என்று ஒரே தாளில் தமிழில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கடன் கொடுப்பவர்கள் வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவைக் காட்டும் தாள் கொடுத்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. போன் வழியாக வாங்கும் கடனில், மனசு மாறினால் குறைந்தது ஒரு நாளாவது அவகாசம் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாள் வட்டியையும் கட்டி விலகிவிடலாம். அன்றைக்கு ராத்திரியே அவள் அழுதாள். இந்த விதி தெரிந்திருந்தால் மறுநாள் காலையே விலகியிருப்பாள்.

இரண்டு தடவை போய் வந்து மூன்று மாதம் ஆகிறது. டேப்பில் ஒரு இஞ்ச் குறைவு, தராசில் அதே எடை. மீதியை வேண்டாம் என்றால், "பேக்கேஜ் பணம் திரும்பாது" என்கிறார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். அதில் முடியாவிட்டால் ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறோம். கடை மதுரையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை.

ஆனால் மாதா மாதம் 5-ம் தேதி 4,000 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடை வந்துவிட்டால் 61 நாள் படகு கடலுக்குப் போகாது. அதற்குள் செயினையாவது மீட்டுவிடலாம் என்று அவள் தினமும் விடிவதற்கு முன் நாற்றுத் தோட்டத்துக்குக் கிளம்பிவிடுகிறாள். டாக்டரம்மா சொன்ன பயிற்சியை ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு செய்கிறாளாம்.

- ஒரு வாசகி, அக்காள்மடம்.