தேர்வு முறை திருந்துக
ஆட்டிசம் உள்ள வயதுவந்தோருக்கு அரசுப் பணியில் சட்டம் அளித்த இடம் ஏட்டோடு நின்றுவிடலாகாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 4 சதவீத ஒதுக்கீட்டில், அறிவுசார் குறைபாடு, மனநோய் முதலிய பிரிவினரோடு இவர்களுக்கும் பொதுவாக 1 சதவீதம் உரித்தாயிருப்பினும், தகுந்தவர் கிடைக்காவிடில் அவ்விடம் மறு ஆண்டுக்குச் சென்று, அப்போதும் நிரம்பாவிடின் பிற பிரிவினருக்கு மாற்றத்தக்கது என்று அச்சட்டமே இடந்தருவதால், தேர்வு நடக்கும் விதமே இங்குப் பிரதான விஷயமாகிறது. எதிரிலிருப்போரின் முகம் பாராது மேசை விளிம்பை நோக்கியபடி, கேட்டதற்கு மட்டும் அட்சரம் பிசகாமல் விடையிறுக்கும் இளைஞரை, கணக்கேடு சரிபார்க்கும் பணிக்குப் பேச்சுச் சாதுரியம் போதாதென்று நிராகரிப்பது அநீதி. பெற்றோரின் முதுமையை எண்ணிக் கலங்கும் குடும்பங்களுக்கோ அது பேரிடி. நேர்காணலுக்குப் பதிலாகச் செய்முறைத் தேர்வையும், பணியில் எழுத்து மூலமான தெளிந்த உத்தரவுகளையும், இரைச்சலற்ற இருக்கையையும் ஒவ்வொரு துறையும் கட்டாயமாக்கி, நிரம்பாத இடங்களின் கணக்கை ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.