பொட்டி தட்டுறவன் குறிப்புகள் - 17: எஸ்ஆர்0-வா, எஸ்ஆர்1-ஆ?

இந்த வாரம் தகடு எரிக்கிற சமாச்சாரம். "இந்தக் காலத்துல யாருய்யா டிவிடி எரிக்கிறா"ன்னு சிரிக்காதீங்க. லேப்டாப்ல டிரைவ் வர்றது அநேகமா நின்னு போச்சுதான். ஆனாலும் யூஎஸ்பில சொருகுற டிரைவ் ஒண்ணு வாங்கி, ஆராய்ச்சித் தரவு, கல்யாணப் படம்னு தகட்டுல எழுதி வைக்கிற ஆளுங்க இன்னும் இருக்காங்க.

எரிக்கிற மென்பொருள் எதுவா இருந்தாலும் முதல்ல கேக்குற கேள்வி ஒண்ணுதான்: எந்த டிரைவ்ல எழுதணும்? இந்த "எந்த"வுக்கு ஒவ்வொரு இயங்குதளமும் ஒவ்வொரு பேர் வச்சிருக்கு. கொஞ்சம் உக்காந்து யோசிச்சா மொத்தம் மூணு வகைதான். இருக்குற இடத்தை வச்சு ("கோடி வீட்டு மாமா"), வந்த வரிசையை வச்சு ("ரெண்டாவது மருமக"), இல்லேன்னா சொந்தப் பேரு (ரேஷன் கார்டுல இருக்குறது).

முதல்ல இடம். பழைய லினக்ஸ்ல சிடி ரைட்டருக்குப் பெரும்பாலும் /டெவ்/எச்டிசின்னு பேரு. மதர்போர்டுல ரெண்டு ஐடிஇ கேபிள், ஒவ்வொண்ணுலயும் மாஸ்டர், ஸ்லேவ்னு ரெண்டு இடம். ஆக ஏ, பி, சி, டி. ரெண்டாவது கேபிளோட மாஸ்டர்தான் சி. பொட்டியைத் திறந்து கேபிளை மாத்தாத வரைக்கும் பேர் மாறாது. ஸ்கஸியும் அப்படித்தான். டிரைவ் பின்னாடி ஜம்பர் வச்சு எண் கொடுப்பாங்க, அது அப்படியே நிக்கும்.

அந்தக் காலத்துல தகடு எரிக்க எல்லாரும் நம்புன மென்பொருள் சிடிரெக்கார்ட். எழுதினவர் பெர்லின்காரர் யோர்க் ஷில்லிங், 2021 அக்டோபர்ல காலமாயிட்டார். அவர் நிரல்ல டிரைவைச் சொல்றதுக்கு மூணு எண் கொடுக்கணும்: 0,0,0. பஸ், டார்கெட், லன். ஐடிஇ டிரைவ் ஆனாலும், யூஎஸ்பி ஆனாலும் உள்ளே ரைட்டர் பேசறது ஸ்கஸி கட்டளைதான், அதனால எல்லா இயங்குதளத்துலயும் ஒரே மாதிரி முகவரி இருக்கட்டும்ங்கறது அவர் வாதம். லினக்ஸ் 2.4 காலத்துல இதுக்காகவே ஐடிஇ-ஸ்கஸின்னு ஒரு வேஷம் போட்டு, பூட் ஆகும்போதே எச்டிசியை ஸ்கஸி மாதிரி நடிக்க வைக்கணும்.

2003 டிசம்பர்ல 2.6 வந்துச்சு. வேஷம் வேண்டாம், /டெவ்/எச்டிசின்னு நேராவே சொல்லி எரிச்சுக்கோன்னுட்டாங்க. லினஸ் டோர்வால்ட்ஸ் தரப்பு வாதம், யூஎஸ்பிக்கு ஏது டார்கெட் எண், அதெல்லாம் சும்மா ஒட்டவச்ச நம்பர்ங்கறது. ஷில்லிங் ஒத்துக்கலை. பேரைக் கொடுத்து எரிச்சா சிடிரெக்கார்ட் எரிக்கும், ஆனா இது ஆதரிக்கப்படாத வழின்னு முணுமுணுத்துட்டுத்தான் எரிக்கும் :-) இந்தச் சண்டை வருஷக்கணக்கா ஓடுச்சு. 2006-ல உரிமப் பிரச்சினையில டெபியன்காரங்க பிரிஞ்சுபோய் வோடிம்னு தனிக்கடை போட்டாங்க.

எனக்கென்னவோ ரெண்டு பேர் சொன்னதுலயும் பாதி நியாயம் இருக்கு. நிஜ ஸ்கஸில அந்த மூணு எண்ணும் உண்மையான முகவரி. யூஎஸ்பில அது டோக்கன் நம்பர். ஆனா லினஸ் சொன்ன டெவ் பேரும் கொஞ்ச நாள்ல டோக்கனாவே ஆயிடுச்சு. 2007 வாக்குல ஐடிஇ டிரைவெல்லாம் புது டிரைவருக்கு மாறினப்ப எச்டிசி போயி எஸ்ஆர்0 வந்துச்சு. எஸ்ஆர்0-ன்னா முதல்ல கண்ணுல பட்டது, எஸ்ஆர்1-ன்னா அடுத்தது. அவ்ளோதான்.

விண்டோஸ்ல இந்தக் கூத்து இன்னும் பழசு. டாஸ், 95 காலத்துல புது ஹார்ட் டிஸ்க் போட்டா, டி-யா இருந்த சிடி டிரைவ் ஈ-ன்னு ஆயிடும். விண்டோஸ் 2000-லேர்ந்து ஒரு தடவை கொடுத்த எழுத்தை ரெஜிஸ்ட்ரில குறிச்சு வச்சுக்குது.

சரி, இதெல்லாம் எதுக்குடா இவ்ளோ நீட்டுறேன்னு கேக்குறீங்களா? எங்க டிபார்ட்மெண்ட் சீனியர் ஒரு அண்ணன். ஒப்பாரிப் பாட்டு பத்தி ஆராய்ச்சி. கிராமம் கிராமமாப் போய் ஒலிப்பதிவு பண்ணினவர். பழைய லேப்டாப்ல உள்ளேயே ஒரு டிரைவ், வெளியே யூஎஸ்பி டிரைவ் ஒண்ணு. வாராவாரம் எஸ்ஆர்1-ல இருக்குற டிவிடி-ஆர்டபிள்யூவை அழிச்சுட்டு புது பேக்கப் எழுதறதுக்கு ஒரு ஸ்கிரிப்ட். மாசக்கணக்கா ஒழுங்கா ஓடுச்சு. ஒருநாள் யூஎஸ்பி டிரைவைச் சொருகி வச்சே பொட்டியை ரீஸ்டார்ட் பண்ணிருக்கார். இந்தத் தடவை யூஎஸ்பி எஸ்ஆர்0 ஆயிடுச்சு, உள்ளே இருந்தது எஸ்ஆர்1. உள் டிரைவ்ல, கேட்டுட்டு இருந்த பழைய ஒலிப்பதிவுத் தகடு. அதுவும் ஆர்டபிள்யூ.

"தம்பி, எல்லாம் சரியா முடிஞ்சுதுன்னுதான்டா சொல்லுச்சு"ன்னார். அங்கதான் விஷயமே. இல்லாத பேரைக் கொடுத்தா எர்ரர் வரும். பேர் அதேதான், பின்னாடி ஆள் மாறிடுச்சுன்னா எர்ரரே வராது. அந்தத் தகட்டுல பாடின ரெண்டு பாட்டிங்க இப்ப உயிரோட இல்லை. வேற பிரதி கிடையாது.

அப்ப மூணாவது வகை, சொந்தப் பேரு. கேட்டா ஒவ்வொரு டிரைவும் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கும்: தயாரிப்பாளருக்கு 8 எழுத்து, மாடலுக்கு 16, பதிப்புக்கு 4. அந்த எட்டுக்குள்ள அடக்கத்தான் ஹிட்டாச்சி-எல்ஜி டேட்டா ஸ்டோரேஜ் எச்எல்-டிடி-எஸ்டின்னு சுருங்குச்சு. மட்சுஷிட்டா ரெண்டு எழுத்தைத் தொலைச்சு மட்ஷிட்டா ஆச்சு. இவ்ளோ நாள் அந்தப் பேரைப் பாத்து "என்ன கம்பெனிடா இது"ன்னு முழிச்சவங்களுக்கு விடை கிடைச்சிருக்கும் ;-)

லினக்ஸ்ல /டெவ்/டிஸ்க்/பை-ஐடி ஃபோல்டரைத் திறந்து பாருங்க. மாடல், சீரியல் நம்பர் சேர்த்த பேர்கள் இருக்கும், அதுல ஒவ்வொண்ணும் அன்னைக்கு எந்த எஸ்ஆரோ அதைக் கை காட்டும். ஸ்கிரிப்ட்ல இந்தப் பேரைத்தான் போடணும். அந்த டிரைவ் சொருகலைன்னா ஸ்கிரிப்ட் நின்னுடும். நிக்கறதுதான் நமக்கு வேணும். கையால அடிக்கிறவங்க எஸ்ஆர்0, எஸ்ஆர்1-ஏ அடிச்சுக்கலாம், ஆனா அழிக்கிற கட்டளைக்கு முன்னாடி ஒரு தடவை மாடல் பேரைப் பாத்துடுங்க. பென்டிரைவ்ல ஐஎஸ்ஓ எழுதறவங்களுக்கும் இதே கதைதான். எஸ்டிபி, எஸ்டிசி எல்லாம் டோக்கன் நம்பர்தான். அங்க தப்பினா போறது தகடு இல்லை, மொத்த ஹார்ட் டிஸ்க்.

அண்ணனோட ஸ்கிரிப்டை உக்காந்து மாத்திக் கொடுத்தேன். பழைய தகட்டை அவர் தூக்கிப் போடலை. மேலோட்டமா அழிச்சதுதான், புது பேக்கப் ஏறாத இடத்துல பழைய தரவு இருக்கலாம், ஆனா சாதாரண டிரைவ் அதைப் படிச்சுக் காட்டாது. யாராச்சும் மீட்டுக் கொடுப்பாங்களான்னு தேடிட்டு இருக்கார். இந்த மாதிரி மீட்ட அனுபவம் இருக்குறவங்க பின்னூட்டத்துல சொல்லுங்கப்பு.

அடுத்த வாரம் ஒரு தகடு எத்தனை வருஷம் தாங்கும்ங்கறதைப் பாப்போம். வர்ட்டா?