வெப்பத்துக்குக் கணக்கு உண்டு, உயிர்களுக்கு?

புது தில்லி: தலைநகரின் வடமேற்கு விளிம்பில் உள்ள முங்கேஷ்பூரின் தானியங்கி வானிலை நிலையம் 2024 மே 29-ம் தேதி 52.9 டிகிரி செல்சியஸ் எனக் காட்டியபோது நாடே அதிர்ந்தது. அன்று சப்தர்ஜங்கில் பதிவானது 46.8 டிகிரி மட்டுமே. ஐயம் எழுந்ததும் இந்திய வானிலை ஆய்வுத் துறை வல்லுநர்களை அனுப்பியது. தரமான கருவியுடன் ஒப்பிட்டதில், முங்கேஷ்பூர் உணரி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது தெரியவந்தது.

ஒரு வெப்பமானியின் பிழையைச் சில நாள்களில் கண்டறிந்த அரசு இயந்திரத்தால், வெயிலுக்கு எத்தனை பேர் பலியாகின்றனர் என்பதை இன்னமும் ஒரே குரலில் சொல்ல முடியவில்லை. 2015 முதல் 2022 வரையிலான வெப்ப மரணங்கள் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கில் 3,812. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 8,171. வானிலைத் துறையின் ஆண்டறிக்கைகளில் 3,436. மூன்றுமே மத்திய அரசின் அமைப்புகள். நாடாளுமன்றத்தில் கேள்வி எந்த அமைச்சகத்துக்குப் போகிறதோ, அதைப் பொறுத்து விடையும் மாறும்.

காரணம் வெளிப்படையானது. சுகாதாரத் துறை மருத்துவமனை அறிக்கைகளை நம்புகிறது. ஆவணக் காப்பகம் காவல் நிலையப் பதிவுகளை நம்புகிறது. இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ள முதியவர் கடும் வெயிலில் இறந்தால், பெரும்பாலும் அந்த நோயின் பெயரே ஏட்டில் ஏறுகிறது. 2020-ல் பதிவான மரணங்களில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான்.

இதற்கு மாற்றுவழி ஆமதாபாதில் கிடைத்தது. 2010 மே மாத வெப்ப அலையின்போது அந்நகரில் நேர்ந்த மொத்த மரணங்களை வழக்கமான மே மாத எண்ணிக்கையோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். கூடுதலாக இறந்தவர்கள் 1,344 பேர். நகரின் இறப்புப் பதிவேட்டைத் தேதிவாரியாகப் புரட்டியதில் கிடைத்த எண் இது. செயற்கைக்கோள் எதுவும் தேவைப்படவில்லை. 2013-ல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது.

கருவிகள் அளப்பது எதை என்பதும் கவனத்துக்குரியது. வானிலை நிலைய வெப்பமானி திறந்த வெளியில், நிழல் தரும் கூண்டுக்குள் இருக்கிறது. தகரக் கூரையின் கீழ் தைப்பவரின் வெப்பத்தை அது அறியாது. செயற்கைக்கோள் உணர்வதோ தரையின், கூரையின் மேற்பரப்பு வெப்பத்தை. மனிதர் சுவாசிக்கும் காற்றின் வெப்பத்தை அல்ல. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி மிகுந்தால் வெப்ப அலை என்பது வானிலைத் துறையின் அளவுகோல். வியர்வையை உலரவிடாத ஈரப்பதத்துக்கு அதில் இடமில்லை. 2023-ல் சோதனை முறையில் வெப்பக் குறியீட்டை வெளியிடத் தொடங்கியது நல்ல, ஆனால் தாமதமான நடவடிக்கை.

2024 செப்டம்பரில் ரூ. 2,000 கோடியில் 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. புதிய ரேடார்களும் கருவிகளும் தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இறப்புப் பதிவேட்டைச் சீராக்குவதற்கு அந்த ஆர்வம் காட்டப்படவில்லை என்பதுதான் குறை.

எண்ணிக்கையில்தான் நிதியும் அடங்கியிருக்கிறது. 2022-26 காலத்துக்கான பேரிடர் நிவாரண விதிமுறைப் பட்டியலில் குளிர் அலை உண்டு. வெப்ப அலை இல்லை. பட்டியலை விரிவாக்கும்படி மாநிலங்கள் கோரியபோது 15-வது நிதிக் குழு அதை ஏற்கவில்லை. மாநிலப் பேரிடர் நிதியில் 10 சதவீதம் வரை உள்ளூர்ப் பேரிடர்களுக்குச் செலவிடலாம் என்ற அனுமதியே அவற்றுக்கு எஞ்சியது. மரணங்கள் குறைவாகப் பதிவாகும்வரை கோரிக்கையை மறுப்பது தில்லிக்கு எளிது.

தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பலியானவரின் குடும்பத்துக்கு ரூ. 4 லட்சம் கிடைக்க இது வழிசெய்கிறது. ஆனால், வேலை முடிந்து வீடு திரும்பி இரவில் இறந்துபோகும் கட்டடத் தொழிலாளியின் உடல் வெப்பநிலையை யாரும் அளந்திருக்கப் போவதில்லை.