நெஞ்சுவலிக்கு சோடா மருந்தல்ல

நெஞ்சு பிசைந்தால் “வாயுவாத்தான் இருக்கும், ஒரு சோடா குடி” என்பதே கள்ளக்குறிச்சி மாவட்டத்து நைனார்பாளையம் பக்கமும் முதல் வைத்தியம். அது மாரடைப்பானால், ரத்தக்கட்டி இதய ரத்தக்குழாயை அடைத்திருக்கும்; நிமிடத்துக்கு நிமிடம் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

தமிழக அரசு 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரைகள் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். (வீட்டில் தாமாக விழுங்குவதற்கு அல்ல.) நல்ல ஏற்பாடு.

ஆனால், நெஞ்சுவலி அலுவலக நேரம் பார்த்தா வருகிறது? பூட்டிய துணை நிலையத்துக்குள் மாத்திரை இருந்து என்ன பயன்? இரவில் யாரை அழைப்பதென்று வாசல் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதட்டும். வளைந்து வளைந்து இறங்க வேண்டிய கல்வராயன் மலைக் கிராமங்களில் முதலில் எழுதட்டும்.