கொவிட் காலத்தில் வானொலியைக் கேட்டோம், வகுப்பறையாக்க மறந்தோம்

2025 டிசம்பர் 16ஆம் திகதியோடு இலங்கை வானொலிக்கு நூறு வயது பூர்த்தியானது. 1925இல் எட்வர்ட் ஹார்பர் தொடக்கி வைத்த ‘கொழும்பு வானொலி’தான் பின்னர் ரேடியோ சிலோனாகி, 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறியது. நூற்றாண்டை ஒட்டிய பேச்சுக்களில் அடிக்கடி காதில் விழுந்த ஒரு வசனம், “கொவிட் காலத்தில் மக்களுக்குத் துணை நின்றது வானொலிதான்” என்பது. அதில் பாதி உண்மை என்பது என் அபிப்பிராயம். மீதிப் பாதியைப் பற்றி எங்கள் சமூகத்தில் யாரும் அதிகம் பேசவில்லை. தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் ஓர் ஆசிரியை என்ற வகையில் எனக்கு அந்த மீதிப் பாதிதான் முக்கியம்.

முதலில் உண்மையான பாதியைச் சொல்லிவிடுகிறேன்.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. பாடசாலைகள் அதற்கு ஒரு வாரம் முன்பே மூடப்பட்டிருந்தன. பள்ளிவாசல்களில் ஜும்ஆவும் ஐவேளை ஜமாஅத்தும் நின்றுபோயின. பல பத்திரிகைகள் அச்சிடுவதை இடைநிறுத்தி இணையப் பதிப்போடு சமாளித்தன. ஏப்ரல் 25ஆம் திகதி முதல் நோன்பு. தராவீஹ் இல்லை, பள்ளிக் கஞ்சி இல்லை, தெருவில் ஸஹருக்கு எழுப்பும் சத்தமில்லை. அந்த மாதம் எங்கள் கொலன்னாவைப் பகுதியில், வெல்லம்பிட்டி, மீதொட்டமுல்ல பக்கத்து நெருக்கமான வீடுகளில், மஃரிப் நேரத்தில் ஒரே குரல் சுவருக்குச் சுவர் கேட்டது. அது முஸ்லிம் சேவையின் அதான். பக்கத்து வீட்டு ரேடியோவில் முதல் தக்பீர் கேட்டதும் எங்கள் வீட்டில் பேரீச்சம்பழத்தை எடுத்தோம்.

இதற்கு முந்தைய வருடங்களில் எங்கள் பிள்ளைகளுக்கு முஸ்லிம் சேவை என்றால் உம்மும்மா கேட்கும் விஷயம். தலைப்பிறை அறிவிப்புக்கு மட்டும் எல்லோரும் கூடுவார்கள். கொழும்பு பெரிய பள்ளிவாசலின் தீர்மானம் வானொலியில் வந்தால்தான் பிறை பிறந்ததாக எங்கள் உம்மா ஏற்றுக்கொள்வார். வாட்ஸ்அப்பில் பத்துப் பேர் அனுப்பினாலும் நம்பமாட்டார். தொற்றுக் காலம் இந்த நம்பிக்கையைப் பெரிதாக்கியது. வதந்தி மலிந்த நாட்களில், பெயர் தெரிந்த அறிவிப்பாளர் பொறுப்போடு வாசிக்கும் செய்திக்கு ஒரு பெறுமதி வந்தது. ஒரே நேரத்தில் எல்லோரும் கேட்கிறோம் என்ற உணர்வும் வந்தது. பெருநாள் தினமான மே 24ஆம் திகதியும் ஊரடங்குதான். தக்பீரைக்கூட வீட்டுக்குள் இருந்து ரேடியோவோடு சேர்ந்துதான் சொன்னோம்.

இனி தொழில் பக்கம். ஒலிபரப்புத் துறை அந்த நாட்களில் எதை மாற்றிக்கொண்டது? உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே கதைதான். அறிவிப்பாளர்கள் வீட்டு அறையில், அலுமாரிக்குப் பக்கத்தில், போர்வையைத் தொங்கவிட்டு எதிரொலியை அடக்கிக்கொண்டு பேசினார்கள். நேர்காணல்கள் தொலைபேசிக்கும் ஸூமுக்கும் போயின. தனியார் எப்.எம். நிலையங்களுக்கு விளம்பரம்தான் மூச்சு; கடை மூடினால் விளம்பரம் ஏது? எங்கள் ரமழான் நிகழ்ச்சிகளுக்கு அனுசரணை தரும் புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் பூட்டிக் கிடந்தன. வருமானம் சுருங்கியபோது நிலையங்கள் முகநூல் நேரலை, யூடியூப், செயலி என்று இணையத்தின் பக்கம் சாய்ந்தன. ஸ்டூடியோவில் கெமரா வந்தது. வானொலியைப் ‘பார்க்கும்’ காலம் வந்துவிட்டது என்று பெருமையாகச் சொன்னார்கள்.

எனக்குள்ள பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. மாற்றம் முழுவதும் பேசுகிறவரின் வசதிக்காகவும் விளம்பரதாரரின் வசதிக்காகவும் நடந்தது. கேட்கிறவருக்கு என்ன தேவை என்ற கேள்வி பின்னுக்குப் போனது. இணையத்துக்குப் போன வானொலியைக் கேட்க டேட்டா வேண்டும். டேட்டா உள்ளவருக்கு ஏற்கனவே நூறு வழி இருக்கிறது. காற்றில் வரும் அலைக்கு மீற்றர் கிடையாது. ஒருவர் கேட்டாலும் ஒரு இலட்சம் பேர் கேட்டாலும் செலவு ஒன்றுதான். பழைய பட்டன் போனில்கூட இயர்போனைச் செருகினால் எப்.எம். எடுக்கும். இந்த ஒரு பலம்தான் வானொலிக்கென்று தனியாக இருந்தது. அதைப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒழுங்காகப் பயன்படுத்த எவரும் முன்வரவில்லை.

பாடசாலைகள் மூடியபோது என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அரச தொலைக்காட்சியின் நேத்ரா அலைவரிசையில் தமிழ்மொழிப் பாடங்கள் வந்தன. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது. மற்றதெல்லாம் ஸூமும் வாட்ஸ்அப்பும். என் வகுப்பில் பல பிள்ளைகளின் வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட் போன், அதுவும் வாப்பாவின் கையில். த்ரீவீல் ஓடும் வாப்பா வீட்டுக்கு வரும்போது இரவு எட்டு மணி. மூன்று பிள்ளைகள் இருந்தால் மூத்தவனுக்கே முதலிடம், ஏனென்றால் அவனுக்கு சாதாரண தரப் பரீட்சை. ஒரு மணி நேர ஸூம் வகுப்பு நூற்றுக்கணக்கான எம்.பி.யை விழுங்கிவிடும். “டீச்சர், ரீலோட் முடிஞ்சிட்டு” என்று தாய்மார் எனக்கு எடுத்துச் சொல்வார்கள். கடைசியில் நானும் சக ஆசிரியைகளும் செய்தது என்ன தெரியுமா? பாடத்தை ஐந்து நிமிடத் துண்டுகளாக்கி, குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். குறைந்த டேட்டாவில் போகும், இரவில் போன் கைக்கு வந்ததும் கேட்கலாம். யோசித்துப் பார்த்தால் அது வானொலிப் பாடம்தான். ஒலிபரப்புக் கோபுரம் மட்டும்தான் எங்களிடம் இல்லை.

கோபுரம் வைத்திருந்தவர்கள் இதைச் செய்ய முடியாதா? முடியும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. 1937 செப்டெம்பரில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் போலியோ பரவியதால் பாடசாலை திறப்பது தள்ளிப்போனது. அப்போது 3 முதல் 8ஆம் வகுப்பு வரையான மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வானொலி வழியாகப் பாடம் நடத்தினார்கள். நிலையங்கள் நேரத்தை இலவசமாகக் கொடுத்தன. பாடம் ஒவ்வொன்றும் 15 நிமிடம். எந்த வகுப்புக்கு எந்த நேரம், என்ன வீட்டு வேலை என்பதைப் பத்திரிகைகள் காலையில் அச்சிட்டன. சந்தேகம் கேட்கத் தொலைபேசி இலக்கம் ஒன்று வைத்து, மறுமுனையில் ஆசிரியர்களை உட்காரவைத்தார்கள். முதல் நாளிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட அழைப்புகள் வந்தன. குறையும் இருந்தது. ரேடியோ இல்லாத வீடுகள், அலை சரியாக எடுக்காத பகுதிகள், வேகமாகப் போகும் பாடத்தைப் பிடிக்க முடியாத பிள்ளைகள் என்று முறைப்பாடுகள் வந்தன. ஆனால் வானொலி, பத்திரிகை, தொலைபேசி ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார்கள் அல்லவா, அதைத்தான் நான் இங்கே கவனிக்கச் சொல்கிறேன்.

அமெரிக்கா பணக்கார நாடு என்று சொல்லித் தப்ப முடியாது. எபோலா பரவிய 2014இல் சியரா லியோன் பாடசாலைகளை மாதக்கணக்கில் மூடிவைத்து வானொலியில் கற்பித்தது. அந்த அனுபவம் கையில் இருந்ததால் 2020இல் பாடசாலைகள் மூடிய சில நாட்களிலேயே மீண்டும் வானொலிப் பாடங்களைத் தொடங்க முடிந்தது. எங்களிடமும் அனுபவம் இல்லாமல் இல்லை. இலங்கை வானொலியில் கல்விச் சேவை என்று தனியாகவே ஒன்று இருந்தது. ஆசிரியர் கலாசாலையில் நான் பயிற்சி பெற்ற காலத்தில், கற்பித்தல் சாதனங்கள் என்ற பாடத்தில் வானொலிக்கு ஓர் அத்தியாயம் இருந்தது. பரீட்சைக்குப் பாடமாக்கினோம், அவ்வளவுதான். 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, 1999 அளவில் உலகமே திரும்பிப் பார்த்த ஒரு வேலையைச் செய்தது. கிராமத்து மக்கள் கேள்வி அனுப்புவார்கள், அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி, கிடைத்த பதிலை உள்ளூர் மொழியில் வானொலியில் சொல்வார்கள். இணையம் இல்லாத வீட்டுக்கு இணையத்தைக் காற்றில் கொண்டுபோன ஏற்பாடு அது. இருபது வருடங்களுக்குப் பிறகு, 2021இல், மலைப்பகுதிப் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறையிலும் மரத்திலும் ஏறிய படங்கள் வெளிவந்தபோது எனக்குக் கொத்மலைதான் ஞாபகம் வந்தது.

சமூகம் என்ற வகையில் எங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவர்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அந்த மாதங்களில் சில ஊடகங்கள் தொற்றையே எங்கள் சமூகத்தின் பெயரோடு ஒட்டிப் பேசின. டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. பிறந்து 20 நாட்களேயான சிசுவின் ஜனாஸா எரிக்கப்பட்டதும், பொரளை கனத்தை வேலியில் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டதும் அதே மாதம்தான். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்க அனுமதி வந்தது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. இந்தப் பத்து மாத வாதமும் அழுகையும் எங்கே நடந்தது? பெரும்பாலும் முகநூலிலும் டுவிட்டரிலும். அரச நிறுவனத்துக்குள் இயங்கும் ஒரு சேவை, அரசின் தீர்மானத்தை எதிர்க்கும் மேடையாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அங்கே வேலை செய்பவர்களைக் குறை சொல்வதிலும் பயனில்லை. ஒருகாலத்தில் இப்படியான விஷயத்துக்கு நாங்கள் சிற்றலையில் பிபிசி தமிழோசையைத் தேடுவோம். அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றுவிட்டது. ஆகவே இணையம் இல்லாத முதியவர், தன் ஜனாஸாவுக்கு என்ன நடக்கும் என்பதைப் பேரப்பிள்ளையின் போனில் இருந்து அரைகுறையாகத் தெரிந்துகொண்டார்.

பிரித்தானியாவில் அதே நாட்களில் நடந்த இரண்டு சிறிய விஷயங்கள் என் மனதில் நிற்கின்றன. பள்ளிவாசல்கள் மூடப்பட்டதும் பிபிசியின் 14 உள்ளூர் வானொலிகள் வெள்ளி அதிகாலைகளில் இமாம்களின் சிந்தனையையும் ஓதலையும் முதன்முறையாக ஒலிபரப்பத் தொடங்கின. தனித்திருக்கும் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு ரேடியோப் பெட்டி இலவசமாகக் கொடுக்கும் திட்டமும் வந்தது. ஒலிபரப்புகிறவர் கேட்பவரின் வீட்டில் பெட்டி இருக்கிறதா என்று யோசித்தார். நாங்கள் 2020இல் எத்தனை உலர் உணவுப் பொதிகள் கட்டினோம்! அரிசி, பருப்பு, சீனி, டின் மீன், பால்மா. ஒவ்வொரு மஹல்லாவும் தன் சக்திக்கு மேல் செய்தது, அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அந்தப் பொதியில் ஒரு சின்ன ரேடியோவும் இரண்டு பட்டரியும் போடலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவைக்க முடியாத இடத்தில் நாங்கள் வாழ்கிறோம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது. தொலைக்காட்சிப் பாடமும் ஸூமும் அதோடு இருண்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகியபோது கொலன்னாவைக்கு 2016 மே மாத வெள்ளம் ஞாபகம் வந்தது. போன் சார்ஜ் போனது, சிக்னலும் போனது. எச்சரிக்கைகள் தமிழில் போதியளவு வரவில்லை என்ற குறை நாடெங்கும் எழுந்தது. அந்த இரவுகளில் பட்டரி ரேடியோ உள்ள வீடு எது என்று தெருவுக்கே தெரிந்திருந்தது.

ரமழான் நெருங்கும்போது அனுசரணைக்காக எங்கள் தனவந்தர்களிடம் எல்லோரும் போவார்கள். பயான், கிராஅத் போட்டி, கஸீதா எல்லாவற்றுக்கும் உதவுங்கள், தவறில்லை. அதோடு ஒரு வேண்டுகோள். வருடத்தின் மற்றப் பதினொரு மாதங்களில், பாடசாலை நாளில் தினமும் மாலை அரை மணி நேரம், தமிழ்மொழி மூலப் பிள்ளைகளுக்கான பாடநேரத்துக்கும் யாராவது அனுசரணை கொடுங்கள். முஸ்லிம் சேவையில் முடியாவிட்டால் தென்றலில், அல்லது ஒரு தனியார் எப்.எம்.மில் கேட்டுப் பார்க்கலாம். தமிழ்ப் பிள்ளையும் அதே பாடத்தைத்தானே படிக்கிறது.

ஒரு கஷ்டத்தையும் சொல்லவேண்டும். வானொலியில் எல்லாப் பாடமும் ஏறாது. வரலாறு, தமிழ், இஸ்லாம், விஞ்ஞானத்தில் பாதி, இவை குரலில் போகும். முக்கோணியைக் காதால் பார்க்க முடியாது. கணிதத்துக்கு அச்சிட்ட பக்கம் பிள்ளையின் மடியில் இருக்கவேண்டும், “பக்கம் 42, இரண்டாவது உருவைப் பாருங்கள்” என்று சொல்ல. அரச பாடநூல் எல்லாப் பிள்ளையிடமும் இருப்பதால் அந்தப் பிரச்சினை பாதி தீர்ந்திருக்கிறது. பிரதி எழுதத் தெரிந்த ஆசிரியர்கள் பாடத்துக்கு மூவர் கிடைத்தால் போதும். 2020இல் வாட்ஸ்அப்பில் பேசிப் பழகியவர்கள் ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்கிறார்கள். அந்தக் குரல் பதிவுகளில் சில இன்னும் என் பழைய போனில் கிடக்கின்றன. 11ஆம் தர வரலாறு மட்டும் 34 துண்டுகள்.