தீவுக்கும் டெலிவரி உண்டா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட்டில் பொருள் விற்க நினைக்கும் நண்பர்களே, என் அனுபவத்தைக் கேளுங்கள்.

தாம்பரத்தில் வீட்டிலிருந்தே சேலை விற்கிறேன். 'இந்தியா முழுவதும் இலவச டெலிவரி' என்று போட்டிருந்தேன். அந்தமானிலிருந்து ஆர்டர், பணமும் வந்துவிட்டது. கூரியர்காரரோ "அங்கே சர்வீஸ் இல்லை" என்றார். 'முடியாது' என்று சொல்ல மனம் வரவில்லை. ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். லாபம் போனது, சேலை போய்ச் சேர்ந்தது.

தீவுக்காரர்களை ஒதுக்குவது தவறு என்பேன். கூடுதல் கட்டணம், நாட்களை முன்பே சொல்லுங்கள். பின்கோடு 744 என்று தொடங்கினால் அந்தமான் நிக்கோபார். லட்சத்தீவுக்கு, கொச்சியைப் போலவே 682. ஆறு இலக்கங்களையும் பாருங்கள். கவரட்டி 682555. பார்த்த பிறகே பணம் வாங்குங்கள்!