ஊக்குவித்தால் போதுமா?

எச்.பி.வி. தடுப்பூசியை 9 முதல் 14 வயதுவரையுள்ள சிறுமிகள் போட்டுக்கொள்ள ஊக்குவிப்பார்களாம். மத்திய அரசின் 2024 பிப்ரவரி 1 இடைக்கால பட்ஜெட்டில் அறிவித்தாகிவிட்டது. எப்போது, யார் செலவில் என்பதற்கு அந்த அறிவிப்பில் பதில் இல்லை. தேசியத் திட்டத்தில் சேருங்கள் என்று நிபுணர் குழு பரிந்துரைத்தது 2022இல். உள்நாட்டு ஊசியும் சந்தைக்கு வந்துவிட்டது. பிறகும் ஏன் ஊக்குவிப்போடு நின்றார்கள்?

எச்.பி.வி. வைரஸ் உண்டாக்கும் கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றி எல்லோரும் பேசியாகிவிட்டது. குரல்வளையில் மரு வந்த குழந்தைகளைத்தான் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. இதே வைரஸின் 6, 11 வகைகள் பெரும்பாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றி, குழந்தையின் குரல் நாண்களில் திராட்சைக் கொத்துபோல முளைக்கின்றன. புற்று இல்லை, வாஸ்தவம்தான். மூச்சுப்பாதையின் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதைச் சாதாரணக் கட்டி என்று எப்படித் தள்ளிவிடுவது? முதலில் குரல் கம்முகிறது. அழுது அழுது தொண்டை கட்டிக்கொண்டது என்பார்கள் வீட்டில். அப்புறம் வீசிங் என்று மாதக்கணக்கில் நெபுலைசர். மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்து, விலா இடுக்கில் சதை உள்வாங்கும்போதுதான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஓடுகிறார்கள். மயக்கம் கொடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி லேசராலோ டிபிரைடர் என்ற சீவியெடுக்கும் கருவியாலோ எடுக்கிறார்கள். பக்கத்துச் சவ்வில் பதுங்கிய வைரஸை எடுக்க வழியில்லை. சில வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடி முளைக்கிறது, மறுபடி ஆபரேஷன். பத்து, இருபது தடவை தியேட்டருக்குப் போன பிள்ளைகள் உண்டு. கொஞ்சம் ஆழமாகச் சுரண்டினால் தழும்பு விழுந்து குரல் கெடும். மூச்சுக்கு வழிசெய்யக் கழுத்தில் துளையிட்டால் மரு மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் அபாயம். ஒவ்வொரு தடவையும் பெற்றோருக்குக் கூலி போகிறது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகிறது.

நான்கு வகைகளைத் தடுக்கும் ஊசியில் 6, 11 இரண்டும் அடக்கம். 2007இல் பள்ளிச் சிறுமிகளுக்குப் போட ஆரம்பித்த ஆஸ்திரேலியாவில், குரல்வளை மரு புதிதாக வரும் விகிதம் 2012இல் லட்சம் குழந்தைகளுக்கு 0.16, 2016இல் 0.02. இலங்கைகூட 2017இலேயே திட்டத்தில் சேர்த்துவிட்டது. இங்கே தனியாரிடம் உள்நாட்டு ஊசியே 2023இல் டோஸ் 2,000 ரூபாய். அதையும் ஊக்குவிப்பு கொடுத்துவிடுமா?

தடுப்பூசி விஷயத்தில் மத்திய அரசின் லட்சணம் சென்னை கிண்டிக்குத் தெரியும். 1948 முதல் காசநோய்த் தடுப்பூசி தயாரித்துவந்த அங்குள்ள பி.சி.ஜி. ஆய்வகத்தின் உரிமத்தை 2008 ஜனவரியில் நிறுத்தினார்கள். குன்னூர், கசௌலி தடுப்பூசி நிறுவனங்களுக்கும் அதே கதி. உற்பத்தித் தரத்தில் குறையிருந்தால் பணம் கொடுத்துச் சரிசெய்திருக்கலாம். இரண்டு வருடம் கழித்து உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் பட்ட நஷ்டத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 2010இல் கம்மத்திலும் வதோதராவிலும் இதே எச்.பி.வி. ஊசித் திட்டம் பாதியில் நின்றது. பெற்றோரிடம் ஒழுங்காகச் சம்மதம் வாங்கத் துப்பில்லாமல் மக்களின் பயத்தை வளர்த்துவிட்டார்கள். செங்கல்பட்டில் கோடிகளைக் கொட்டிக் கட்டிய தடுப்பூசி வளாகமோ, கொரோனா ஊசிக்கு நாடே வரிசையில் நின்ற 2021இலும் சும்மாதான் கிடந்தது. ஆட்சிகள் மாறின, கோப்பு தூங்கும் மேசை மட்டும் மாறவில்லை.

விலை, கொள்முதல், குளிர்பதனம் என்று இனியும் காரணம் அடுக்க வேண்டாம். மத்திய அரசு மனம் வைக்கட்டும், இல்லாவிட்டால் மாநிலமாவது ஒரு வழி பண்ணட்டும். வாங்குவது 6, 11 வகைகளையும் தடுக்கும் ஊசியாக இருக்கட்டும். விலை குறைவென்று இரண்டே வகை தடுப்பதை வாங்கி வந்து, இந்தக் குழந்தைகளை மறுபடியும் கைவிட்டுவிடாதீர்கள்.